தக்லாவுக்குப் பூசிய சந்தனம்

சோதனைக்கூட உதவியாளராக இந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்த அலமாரிக்கு எந்தச் சாவி, எந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது, பரீட்சை நாளில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்கு நான் வேண்டாம். மும்பை செம்பூரில் நம்மவர்கள் நடத்தும் ஒரு பள்ளியில் இருபத்தோரு வருஷம் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் ரயிலேறி வந்து தாராவியில் தங்கினேன். தோல் கிடங்கில் கட்டு தூக்கினேன். பை தைத்தேன். மிக்ஸி ரிப்பேர் கற்றுக்கொண்டேன். தாணேயில் ஒரு பட்டறை, நெருளில் கட்டட வேலை, நடுவில் இரண்டு வருஷம் லாரியோடு சுற்றினேன். எதிலும் நிலைக்கவில்லை. கஷ்டம் என்று எந்த வேலையையும் விட்டதில்லை; கஷ்டம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. கால் தரிக்கவில்லை, அவ்வளவுதான். முப்பத்தேழு வயதில் இந்தப் பள்ளியில் பியூனாகச் சேர்ந்தேன். ஆசிட் நாற்றத்துக்குப் பயந்து சோதனைக்கூடத்துக்கு யாரும் போக மாட்டேன் என்றார்கள். தோல் கிடங்கில் இருந்த மூக்குக்கு அது ஒரு நாற்றமா? நான் போனேன்.

பத்து வருஷம் கழித்து ஒரு பிசிக்ஸ் டீச்சர் வந்து சேர்ந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட இருபது வயது சின்னவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். என்னை "அண்ணா" என்று கூப்பிடுவார். ஒரு வருஷம் தற்காலிகமாக வேலை. அதற்குப் பிறகு நிரந்தரம் செய்யலாமா வேண்டாமா என்று கமிட்டி முடிவு செய்யும். அந்த ஒரு வருஷத்துக்குள் அவர் செய்த ஒரே பிடிவாதம், ஒரு இயந்திரம் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. பள்ளியின் செயலாளருக்கு அதில் இஷ்டமில்லை. "கோச்சிங் கிளாஸ் போற பிள்ளைகளுக்கு இது எதுக்கு டீச்சர்?" என்றார். கமிட்டியில் இரண்டு பேர் டீச்சர் பக்கம் பேசியதால் வந்தது.

அந்த இயந்திரத்துக்குப் புத்தகத்தில் ஒரு நீளமான பேர் உண்டு. பிள்ளைகள் வைத்த பேர் தக்லா. இந்தியில் மொட்டைத் தலையன். இரும்புப் பெட்டி போல ஓர் அடித்தளம், அதன்மேல் இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தூண், உச்சியில் பளபளவென்று ஒரு உலோக உருண்டை. தூணுக்குள் ஒரு ரப்பர் பெல்ட் ஓடும். அது கீழிருந்து மின்னூட்டத்தை வாரிக்கொண்டு போய் உருண்டையில் சேர்க்கும்.

வந்த அன்றே ஓட்டிப் பார்த்தோம். நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன். எதையும் தொடவில்லை. கை ரோமம் எல்லாம் எழுந்து நின்றது.

"என்ன டீச்சர், பேய் மாதிரி!"

"பேய் இல்லை அண்ணா, ஃபீல்ட். சார்ஜ் அங்க உருண்டையில இருக்கு. ஆனா அதோட செல்வாக்கு சுத்தி இருக்கற இடம் பூரா பரவியிருக்கு. உங்க கை அதுக்குள்ள போயிடுத்து."

"மேல ஏத்திக்கிட்டே இருக்கே, எம்புட்டு ஏத்தும்?"

டீச்சர், "நீங்க முன்னாடி என்ன வேலை பார்த்தேள்?" என்று கேட்டார். சொன்னேன். தோல் கிடங்கில் இரும்பு ஏணி வழியாகப் பரணுக்குக் கட்டு ஏற்றிய கதையும் சொன்னேன். முதல் கட்டு சுலபம். பரண் நிறைய நிறைய, உள்ளே இருப்பது புதிதாக வருவதை வெளியே தள்ளும். தோளைக் கொடுத்து முட்டி ஏற்ற வேண்டும்.

"அதேதான்!" என்று மேஜையைத் தட்டினார். "எல்லாம் ஒரே வகைச் சார்ஜ். ஒண்ணை ஒண்ணு தள்றது. அதை மீறி பெல்ட் ஏத்தறது. ஏத்தின வேலை எங்கயும் போயிடலை, மேல நிக்கறது. கீழ விழ எப்ப வழி கிடைக்கும்னு காத்திண்டிருக்கு. மேலுக்கும் கீழுக்கும் இருக்கற அந்த வித்தியாசம்தான் பொட்டென்ஷியல்."

ஒன்பதாவது பாதியில் நின்றவனுக்கு அன்று அரை மணி நேரத்தில் அது புரிந்தது. முப்பது வருஷத்துக்கு முன் என் தோள் செய்த வேலைக்கு ஒரு பேர் இருக்கிறது என்று தெரிந்ததில் அன்றைக்கெல்லாம் எனக்குத் தனி சந்தோஷம்.

தசராவுக்கு மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கமிட்டிக்காரர்களும் பெற்றோர்களும் இயந்திரத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் செயலாளர் சொன்னார்: "மெஷின் ஓடுறதைப் பார்ப்போம் டீச்சர். பொறவு உங்க லெட்டரைப் பத்திப் பேசுவோம்." லெட்டர் என்றால் நிரந்தர வேலைக்கான உத்தரவு. வெளியே வந்ததும் டீச்சர் என்னிடம், "இது போச்சுன்னா மறுபடியும் கோச்சிங் கிளாஸ்ல உட்கார்ந்து மத்தவா நோட்ஸைத் திருத்திண்டிருக்கணும் அண்ணா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது.

சோதனைக்கூடப் பூஜை எப்போதும் என் பொறுப்பு. செயலாளர் பக்தி உள்ளவர். "புது மெஷின் வந்திருக்கு, நல்லாச் செய்யும்வே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். செய்தேன். தராசுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் ஒவ்வொரு பொட்டு. தக்லா புதுசு, உயரமானது, பார்க்கவும் சன்னிதியில் நிற்கிற மாதிரி இருந்தது. அதற்கு மட்டும் குறை வைக்கவில்லை. சந்தனத்தைக் கரைத்துத் தூண் முழுக்க மேலிருந்து கீழே பூசினேன். மேலே குங்குமம். உருண்டையின் கழுத்திலிருந்து சாமந்தி மாலை. எதிரே தட்டில் கற்பூரம். அன்று என் கண்ணுக்கே அழகாகத்தான் இருந்தது.

தசராவுக்கு மறுநாள் காலை சீக்கிரமே வந்து மாலையைக் கழற்றினேன். சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தேன். தூண் பளிச்சென்று ஆகிவிட்டது. பூஜை விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒன்பதரைக்கு டீச்சர் வந்து ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது. பெல்ட் ஓடியது. உருண்டைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். ஒன்றுமில்லை. உருண்டையைத் தொட்டே பார்த்தார். ஒரு சின்னச் சுருக்குகூட இல்லை.

பெல்ட்டைக் கழற்றி மாட்டினார். கீழே இருக்கும் சீப்பு மாதிரியான தகட்டைச் சரி செய்தார். தரைக்குப் போகும் ஒயரைப் பார்த்தார். மணி பத்தேகால். இயந்திரம் விற்ற கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மேடம், ஆப் லோகோனே கிராயா ஹோகா" என்றான் அந்த ஆள். நீங்கள்தான் கீழே போட்டிருப்பீர்கள் என்கிறான்.

"கிராயா நஹீ, பாயி!"

"தோ ஃபிர் ஆப்கோ சலானா நஹீ ஆதா." அப்படியானால் உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டான்.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்டோபர் வெக்கை; ஃபேனுக்குக் கீழேயும் முகம் வேர்த்துக் கொட்டியது. "அவன் சொல்றது சரிதானோ என்னமோ. அன்னிக்கு நான்தான் ரொம்ப நேரம் ஓட்டி எதையோ கெடுத்துட்டேன்" என்றார். என்னிடம் சொல்வது போல இல்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா நிற்கப் பிடிக்காமல் மறுபடியும் ஈரத் துணியை எடுத்துத் தூணைத் துடைக்க ஆரம்பித்தேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடம் எடுப்பது போல மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெல்ட் ஓடறது. அப்போ சார்ஜ் மேல போறது. மேல போனது நிக்க மாட்டேங்கறது. நிக்கலைன்னா எங்கயோ கீழ இறங்கறது. வழி இல்லாம இறங்காது. ஏணி இல்லாம எப்படி இறங்கும்?"

என் கை நின்றது. ஈரத் துணியைப் பார்த்தேன். தூணைப் பார்த்தேன். மேலிருந்து கீழே, ஒரு விரல் இடம் விடாமல் நான் பூசியது ஞாபகம் வந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போய்விட்டது என்று அர்த்தமா? ஏணியை நானே சாத்தி வைத்துவிட்டு, அதை இன்னும் நனைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. என் கையில் எது உடைந்தாலும், யார் உடைத்தது என்று யாரும் கேட்பதற்குள் கிளம்பிவிடுவது என் வழக்கம். தாணேப் பட்டறையில் ஒரு அச்சு விரிசல் விட்டபோது சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் ரயில் ஏறினவன். அன்றும் கதவைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. "டீ வாங்கிட்டு வாரேன்" என்று சொன்னால் போதும், யாரும் தடுக்க மாட்டார்கள். என்னை நிறுத்தியது நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். 'நான்தான் கெடுத்துட்டேன்' என்று அவர் சொன்னாரே, அது காதில் விழுந்துவிட்டது. முன்பெல்லாம் அதைக் கேட்க நான் அங்கே இருந்ததில்லை.

"டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு. பூசைக்கு இதுல சந்தனம் பூசினேன்."

டீச்சர் கண்ணைத் திறந்தார். ஏன் பூசினீர்கள் என்று கேட்பார், அதற்கு என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எங்கெல்லாம்?"

"தூண் பூரா. குங்குமமும். கழுத்துல மாலை. முன்னாடி கற்பூரம் கொளுத்தினேன். காலையில ஈரத்துணி போட்டுத் துடைச்சேன். இப்பவும் துடைச்சேன்."

"அரே பாப்ரே!" என்று எழுந்தவர், என்ன ஆச்சரியம், சிரித்துவிட்டார். "மெஷின் நன்னாருக்கு! அண்ணா, மெஷின் நன்னாருக்கு! ஓடுங்கோ, கெமிஸ்ட்ரியிலேர்ந்து ஸ்பிரிட் எடுத்துண்டு வாங்கோ. காய்ஞ்ச துணி. அந்த ஈரத்துணியைத் தூரப் போடுங்கோ. அப்பறம் எங்கயாவது ஹேர் டிரையர் கிடைக்குமா?"

'எங்கெல்லாம்?' என்பது முப்பது வருஷமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல முடிகிறது. ஏன் என்று கேட்டால் பொய்தான் வருகிறது. பின்னாளில் என் கீழே வேலை பார்த்தவர்கள் ஜாடி உடைத்தபோதெல்லாம் நானும் எங்கே, எவ்வளவு என்றுதான் கேட்டேன். அதைக் கற்றது அந்த நிமிஷத்தில்.

பள்ளிக்கு எதிரே ஒரு பியூட்டி பார்லர் உண்டு. மணி பத்தே முக்கால். ஓடிப்போய் டிரையர் கேட்டேன். அந்த அம்மாள் என் தலையைப் பார்த்தார். அப்போதே அதில் ஒன்றும் கிடையாது.

"க்யா அண்ணா, பால் தோ ஹை நஹீ. கிஸ்கே லியே?" முடியே இல்லையே, யாருக்கு என்கிறார்.

"ஏக் தக்லே கே லியே" என்றேன். ஒரு மொட்டைத் தலையனுக்காக.

உள்ளே முகத்தில் பசை பூசிக்கொண்டு படுத்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க நேரமில்லை. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன். எதற்கு என்று அப்புறம் சொன்னால் போதும் என்று விட்டாரே.

திரும்பி வந்தபோது டீச்சர் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துணி மஞ்சளாக மாறியிருந்தது. பளிச்சென்று இருந்த தூணிலிருந்து அவ்வளவு வந்தது. உருண்டையின் கழுத்தில் மாலை நார் இரண்டு இழை ஒட்டியிருந்தது. "கூர்மையா எது நீட்டிண்டிருந்தாலும் சார்ஜ் அங்க போய் நெரிசல் போட்டுக் காத்துல கசிஞ்சுடும்" என்று சொல்லிக் கிள்ளி எடுத்தார். நான் டிரையரால் மேலும் கீழும் ஊதினேன். பெல்ட்டைக் கழற்றி அதையும் ஊதினோம்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய சடசட சத்தம். என் கை ரோமம் எழுந்தது. டீச்சர் ஸ்விட்சை அணைத்தார். முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

செயலாளர் முன்னால் வர, பின்னால் கமிட்டிக்காரர்கள் நாலு பேர், பெற்றோர்கள், பிள்ளைகள் என்று அறை நிறைந்துவிட்டது. செயலாளர் கையில் கோயில் பிரசாதத் தட்டு. அதில் ஒரு கிண்ணம் நிறையக் கரைத்த சந்தனம்.

"என்னவே இது? புது மெஷின், பொட்டு இல்லாம நிக்கி? பூசையில வைக்கலையா நீரு?"

"வச்சேன்யா. துடைச்சாச்சு."

"நல்ல காரியம் ஆரம்பிக்கையில யாராவது துடைப்பாவளா?" என்று சொல்லிக்கொண்டே மூன்று விரலைச் சந்தனத்தில் முக்கிவிட்டார். தூணை நோக்கிக் கை நீள்கிறது.

டீச்சரைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்னால், இத்தனை பேர் முன்னால் செயலாளரின் சந்தனத்தைத் தடுத்த டீச்சர். சொல்லாவிட்டால் இயந்திரம் ஓடாது. இரண்டிலும் லெட்டர் கிடையாது. யோசிக்க இருந்த நேரம் ஒரு கை நீளம்தான்.

எனக்கு அப்போது பரண்தான் கண்ணில் வந்தது. பரணுக்கும் தரைக்கும் நடுவில் ஏணி சாத்தினால்தான் இறங்கும். தரையில் படுத்துக்கிடக்கிற ஏணி யாரை இறக்கும்? இயந்திரத்தின் அடித்தளம் ஒயர் வழியாகத் தரையோடு கட்டப்பட்டது. அது ஏற்கெனவே தரைதான்.

"அய்யா, பாதத்துல வைங்க" என்றேன்.

கை நின்றது. "பாதத்துலயா?"

"ஆமாய்யா. காலைத் தொட்டுத்தானே கும்பிடுவோம்."

செயலாளர் யோசித்தார். பின்னால் யாரோ ஒரு அம்மாள் "அதானே" என்றார். செயலாளர் முட்டிவலியோடு மெல்லக் குனிந்து, அடித்தளத்தின் இரும்பில் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, கும்பிட்டு எழுந்தார். அவரைத் தூக்கிவிட்டது நான்தான்.

டீச்சர் ஸ்விட்சைப் போட்டார்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிளாஸ்டிக் ஸ்டூலில் நின்று உருண்டையில் கை வைத்திருந்தாள். அவள் முடி ஒவ்வொன்றாகக் கிளம்பி விசிறி மாதிரி விரிந்தது. அவளுடைய அம்மா "ஐயோ" என்று கத்திவிட்டுக் கைதட்டினார். பிறகு டீச்சர் ஒரு சின்ன உருண்டையைப் பக்கத்தில் கொண்டுபோக, 'டப்'பென்று நீலமாக ஒரு பொறி பாய்ந்தது. பிள்ளைகள் "ஒன்ஸ் மோர்" என்று கூச்சலிட்டார்கள். செயலாளர் தானும் கிட்டே போய் நின்றார். காதோரம் மிச்சமிருந்த நாலு முடியும் எழுந்து நின்றபோது அவரே சிரித்தார்.

எல்லாரும் டீக்குக் கிளம்பும்போது அவர் திரும்பினார். "காலையில ஓடலைன்னு கேள்விப்பட்டேனே டீச்சர், என்ன ரிப்பேர்?"

டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. "கொஞ்சம் ஈரம் சார்" என்றார். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

"ஈரம் இல்லைய்யா, நான்" என்றேன். "தூண் பூராச் சந்தனம் பூசிட்டேன். மேல ஏறினதெல்லாம் அது வழியா எறங்கிப்போச்சு."

செயலாளர் தன் விரலைப் பார்த்தார். சந்தனம் இன்னும் காயவில்லை. "அப்போ நான் வச்சது?"

"அது தரைய்யா. தரையிலேர்ந்து தரைக்கு என்ன எறங்கும்?"

என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரு எதுவரைக்கும் படிச்சிருக்கீரு?"

"ஒம்பதாவது. அதுலயும் பாதி."

"இதெல்லாம் யாரு சொல்லித் தந்தா?"

"டீச்சர்தான். அரை மணி நேரம்."

செயலாளர் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "நாளைக்கு ஆபீஸ்ல வந்து லெட்டரை வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு நானும் டீச்சரும் ஸ்டூல்களை அடுக்கினோம். "அண்ணா, நீங்க காலையில சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்றார். "வேலை போனா போயிருக்கும், அது ஒரு பக்கம். ஆனா கடைசி வரைக்கும் என் கைதான் சரியில்லைன்னு நெனச்சிண்டிருந்திருப்பேன். இன்னொரு தடவை ஒரு மெஷினையும் தைரியமாத் தொட்டிருக்க மாட்டேன்."

நாம் சொல்லாமல் விடுகிற தப்பை யாரோ ஒருவர் தன்னுடையது என்று நினைத்துச் சுமப்பார். நாற்பத்தேழு வயது வரை எனக்கு இது தெரியாது. உங்களுக்கு இப்போதே தெரிந்தால் நல்லது.

மறுநாள் காலை டீச்சர் ஆபீஸிலிருந்து நேராகச் சோதனைக்கூடத்துக்கு வந்து லெட்டரை என்னிடம் நீட்டினார். இங்கிலீஷில் இருந்தது. கண்ணாடி எடுத்து வரவில்லை என்றேன். அவர் சிரிக்காமல் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை நிதானமாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொன்னார். நான் நின்றுகொண்டே முழுசும் கேட்டேன்.